இருபது எண்களும் பதினைந்து கோடுகளும்: ஒரு தமிழ் ஆய்வேட்டு அட்டவணையின் சீரமைப்பு

தமிழில் எழுதப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு, சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்த நிலையில், அட்டவணைகளை மட்டும் பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தது. கட்டளைகள் எழுதி ஆவணம் அமைக்கும் லாடெக் மென்பொருளில், தமிழ் எழுத்துருக்களைக் கையாளும் ஸீடெக் பொறியைக் கொண்டு அமைத்திருந்தார்கள். பத்திகளிலும் அடிக்குறிப்புகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டவணை வரும் பக்கங்களில் மட்டும் கண் தடுக்கியது. மொத்தம் பதினான்கு அட்டவணைகள். மற்ற பதின்மூன்றின் கோளாறுகளையும் ஒருங்கே கொண்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்தோம், எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த அட்டவணை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் மக்கள்தொகை, அடர்த்தி, பாலின விகிதம், எழுத்தறிவு விகிதம் ஆகியவற்றைத் தந்தது. ஐந்து வரிசை, நான்கு நிரல். ஆக இருபது எண்கள். இவற்றோடு வரிசை எண்ணுக்கென ஒரு நிரலும் பெயருக்கென ஒரு நிரலும் இருந்தன. நிரல்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலும் ஏழு குத்துக்கோடுகள். வரிசைக்கு வரிசை கிடைக்கோடு, தலைப்புக்குக் கீழே மட்டும் இரட்டைக்கோடு, ஆக எட்டு. இருபது எண்களைக் காட்டப் பதினைந்து கோடுகள் வேண்டியிருந்தன, அத்தனையும் ஒரே தடிமனில், 0.4 பாயிண்டில். எந்தக் கோடு அட்டவணையின் எல்லை, எந்தக் கோடு தலைப்பைப் பிரிக்கிறது, எது வெறும் வழக்கத்துக்காகப் போடப்பட்டது என்று கண்ணுக்குப் பிரித்தறிய வழியில்லை.

எண்கள் எல்லாம் நிரலின் நடுவில் நிறுத்தப்பட்டிருந்தன. 7,21,47,030 என்ற தமிழ்நாட்டின் எண்ணுக்குக் கீழே 12,47,953 என்ற புதுச்சேரியின் எண்ணை நடுவில் வைத்தால், மேலே ஆயிரம் நிற்கும் இடத்துக்குக் கீழே நூறு வந்து நிற்கும். இலக்கத்துக்கு நேர் கீழே அதே இலக்கம் இருந்தால்தான் எண்ணைப் படிக்காமலே அளவு தெரியும். போதாக்குறைக்கு இரண்டு வரிசைகளில் மக்கள்தொகை கோடி, லட்சக் கணக்கில் காற்புள்ளி பெற்றிருக்க, மற்ற மூன்றில் மேலை முறைப்படி மில்லியன் கணக்கில் பெற்றிருந்தது. எழுத்தறிவு நிரலில் ஐந்து கட்டத்திலும் சதவீதக் குறி. பாலின விகித நிரலில் ஐந்து கட்டத்திலும் சாய்கோடும் ஆயிரமும்.

அகலம் எங்கிருந்து வந்தது

ஆய்வாளருக்கு இவை எதுவும் பெரிய கவலையாக இல்லை. அட்டவணை பக்கத்தின் வலப்புற ஓரத்தைத் தாண்டி நீண்டுகொண்டிருந்தது என்பதே அவருடைய ஒரே முறையீடு. லாடெக்கும் ஒவ்வொரு முறையும் "ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. அவர் கண்டுபிடித்திருந்த மருந்து, முழு அட்டவணையையும் ரீசைஸ்பாக்ஸ் கட்டளைக்குள் போட்டு உரையின் அகலத்துக்குச் சுருக்குவது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். இதைவிடக் கெடுதலான மருந்து அட்டவணைக்குக் கிடையாது என்பது என் கருத்து. அந்தக் கட்டளை அட்டவணையைப் படமாகப் பாவித்து எழுத்து, கோடு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குகிறது. ஒவ்வோர் அட்டவணையும் வெவ்வேறு அளவு நீண்டிருப்பதால் ஒவ்வொன்றிலும் எழுத்தளவு வேறாகிவிடும். குறுகலான ஒன்றைப் போட்டால் அது பெரிதாக ஊதிக்கூட வரும். பதினான்கு அட்டவணைகளில் பதினொன்று இப்படிச் சுருங்கியவை. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஒரே வகை எண்கள் இரண்டு பருமனில் நின்றன.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பது. டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் மொழியின் அடிப்படை அட்டவணைக் கட்டளை, முழு அட்டவணையையும் ஒரு முறை படித்து, ஒவ்வொரு நிரலிலும் மிக அகலமான கட்டம் எதுவோ அதன் அகலத்தை நிரலுக்குக் கொடுக்கிறது. லெஸ்லி லாம்போர்ட்டின் லாடெக் இதன் மேல் எழுந்ததுதான். இந்த அட்டவணையில் எண் நிரல்களின் அகலத்தை எண்கள் தீர்மானிக்கவில்லை. 80.09 என்ற ஐந்து குறிகளுக்கு மேலே "எழுத்தறிவு விகிதம்" என்ற தலைப்பு ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது. ஆங்கில அட்டவணைகளில் தலைப்பை மூன்றெழுத்துச் சுருக்கமாக வெட்டிவிடுவார்கள். தமிழில் அப்படிச் சுருக்கினால் படிப்பவர் சுருக்கத்துக்கு விளக்கம் தேடிப் போக வேண்டியிருக்கும். நம் தலைப்புகள் நீளமானவை என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றை இரண்டு வரியாக மடிப்பதே வழி.

இதை ஆய்வாளரும் முயன்றிருந்தார். நிரலுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று அகலத்தை நிலையாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். லாடெக் தன் போக்கில் மடித்ததில் "எழுத்த" ஒரு வரியிலும் "றிவு" அடுத்த வரியிலும் போய் நின்றன. குறுகிய நிரலில் இரு ஓரமும் சமமாக வரவேண்டும் என்று விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். மேக்செல் என்ற தொகுப்பைக் (லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைகளின் கோவை) கொண்டு தலைப்பை எங்கே மடிக்க வேண்டும் என்று நாமே சொன்னோம்: மேல்வரியில் பொருள், கீழ்வரியில் அலகு. கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வந்த சதவீதக் குறியும் ஆயிரமும் தலைப்பின் கீழ்வரிக்கு ஏறின. வரிசை எண் நிரலை எடுத்துவிட்டோம். உரையில் எங்கும் "மூன்றாம் எண்ணிட்ட மாநிலம்" என்று யாரும் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் இரு பக்கமும் ஆறு ஆறு பாயிண்ட் வெற்றிடம் தானாக வரும் என்பதால், ஒரு நிரல் போனால் அதன் எழுத்தோடு பன்னிரண்டு பாயிண்டும் போகும். இவ்வளவு செய்ததுமே அட்டவணை 12 பாயிண்ட் எழுத்திலேயே, எந்தச் சுருக்கமும் இல்லாமல் பக்கத்துக்குள் அடங்கியது.

கோடுகளை எடுத்தபோது

கோடுகளுக்கு 1995இல் சைமன் ஃபியர் வெளியிட்ட புக்டேப்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தினோம். அதன் கையேடு இரண்டு விதிகளை முன்வைக்கிறது: குத்துக்கோடு ஒருபோதும் வேண்டாம், இரட்டைக்கோடு ஒருபோதும் வேண்டாம். அட்டவணையின் தலையிலும் காலிலும் தடித்த கோடு, தலைப்புக்கும் எண்களுக்கும் நடுவே மெல்லிய கோடு, இவ்வளவுதான். தடித்தது 0.08 எம், மெல்லியது 0.05 எம் (எம் என்பது எழுத்தளவை ஒட்டி மாறும் அலகு); 10 பாயிண்ட் எழுத்தில் ஏறத்தாழ 0.8 பாயிண்டும் 0.5 பாயிண்டும். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எல்லை எது, உட்பிரிவு எது என்று கண் உடனே பிடித்துக்கொள்கிறது.

குத்துக்கோட்டை விட ஆய்வாளருக்கு மனமில்லை. "சார், கட்டம் இல்லாவிட்டால் நெறியாளர் அட்டவணை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்" என்றார். சரி, வைத்துப் பார்ப்போம் என்று குத்துக்கோடுகளை விட்டுவிட்டு, கிடைக்கோடுகளை மட்டும் புக்டேப்ஸுக்கு மாற்றினோம். ஒவ்வொரு கிடைக்கோட்டின் அருகிலும் குத்துக்கோடு அறுந்து, இடைவெளி விட்டுத் தொடர்ந்தது. அந்தத் தொகுப்பு கோட்டுக்கு மேலும் கீழும் தனியாக வெற்றிடம் சேர்க்கிறது. குத்துக்கோடு வரிசைக்குள் மட்டுமே வரையப்படுவதால் அந்த வெற்றிடத்தைத் தாண்டுவதில்லை. இது பிழை என்று பலர் நினைக்கிறார்கள். தொகுப்பை எழுதியவர் குத்துக்கோடு இருக்கும் என்றே எண்ணாமல் எழுதியதன் விளைவு அது. அறுந்த கோடுகளைப் பார்த்ததும் ஆய்வாளரே அவற்றை நீக்கச் சொல்லிவிட்டார். நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

தமிழ் எழுத்தின் உயரம்

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவோருக்குக் கைகொடுக்காத இடமும் இதுவே.

பழைய அட்டவணையில் எழுத்துகள் கிடைக்கோட்டில் இடித்துக்கொண்டு நின்றன. "தமிழ்நாடு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். தகரத்தின் வாலும் ழகரத்தின் சுழியும் கீழே இறங்குகின்றன. மிகரத்தின் கொக்கியும் ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் மேலே ஏறுகின்றன. லாடெக் தன் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டுக்கோலை நட்டு, வரிசை அதைவிடக் குறுகாதபடி பார்த்துக்கொள்கிறது. வரி இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு, எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடான அடிக்கோட்டுக்கு மேலே, மூன்று பங்கு கீழே. 12 பாயிண்ட் ஆவணத்தில் வரி இடைவெளி 14.5 பாயிண்ட், ஆகவே மேலே 10.15, கீழே 4.35. இலத்தீன் எழுத்துக்கு இது சுமாராகப் போதும். தமிழ் எழுத்து, எழுத்துருவைப் பொறுத்து, இதை நிரப்பிவிடும் அல்லது தாண்டிவிடும். தாண்டினால் அந்த வரிசை மட்டும் உயரும். உயர்ந்தாலும் அட்டவணைக்குள் வரிகளுக்கிடையே டெக் வேறு இடைவெளி எதுவும் விடுவதில்லை என்பதால் எழுத்தின் அடி நேராகக் கோட்டின் மேல் போய் உட்காரும். "கேரளம்" இருந்த வரிசைக்கும் "தமிழ்நாடு" இருந்த வரிசைக்கும் உயரம் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆய்வேட்டின் உரை ஒன்றரை வரி இடைவெளியில் இருந்ததால் பத்திகளில் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை. அதற்குப் பயன்பட்ட செட்ஸ்பேஸ் தொகுப்பு, மிதக்கும் அட்டவணைகளுக்குள் (பக்கத்தில் எங்கே வைப்பது என்று லாடெக்கே தீர்மானிப்பவை) மட்டும் ஒற்றை இடைவெளிக்குத் திரும்பிவிடுகிறது. பக்கம் முழுக்கக் காற்றோட்டமாக இருந்த எழுத்து, அட்டவணைக்குள் நுழைந்ததும் நெருக்கியடித்து நின்றது.

முதலில் அர்ரே தொகுப்பின் எக்ஸ்ட்ராரோஹைட் அளவை மூன்று பாயிண்டாகக் கொடுத்துப் பார்த்தோம். மேல்பக்க நெருக்கம் தீர்ந்தது. கீழே வால்கள் முன்போலவே இடித்தன. அந்த அளவு முட்டுக்கோலின் மேல்பகுதியை மட்டுமே உயர்த்துகிறது என்பதை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும். அடுத்து அர்ரேஸ்ட்ரெட்ச் என்ற பெருக்கெண்ணை 1.3 ஆக்கினோம். இது இரு பக்கத்தையும் பெருக்குகிறது: மேலே ஏறக்குறைய 13.2, கீழே 5.7 பாயிண்ட். எல்லா வரிசைகளும் ஒரே உயரத்துக்கு வந்தன. 1.5 வரை போய்ப் பார்த்ததில் வரிசைகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலப் பிரிந்து நின்றதால் 1.3க்கே திரும்பினோம். இந்த எண் நாங்கள் பயன்படுத்திய எழுத்துருவுக்கானது. வேறு எழுத்துருவில் 1.2 போதுமாக இருக்கலாம்.

புக்டேப்ஸ் தானாகச் சேர்க்கும் வெற்றிடத்திலும் இதே கதை உண்டு. கோட்டுக்குக் கீழே 0.65 எக்ஸ், மேலே 0.4 எக்ஸ். எக்ஸ் என்பது இலத்தீன் சிற்றெழுத்து எக்ஸின் உயரம். தமிழில் சிற்றெழுத்தும் இல்லை, பேரெழுத்தும் இல்லை. அந்த அளவுகோலுக்கு நம் எழுத்தில் ஆதாரமே கிடையாது. எழுத்துகள் கீழ்நோக்கி இறங்குவதால் கோட்டுக்கு மேலே விடும் 0.4 தான் குறைவாகத் தெரிந்தது, அதை 0.7 ஆக்கினோம், கீழே விடுவதை 0.9 ஆக்கினோம். இந்த அளவுகளை அட்டவணைக்கு அட்டவணை எழுதாமல் ஆவணத்தின் முகப்பில் ஒரே இடத்தில் வைத்தோம்.

எண்களும் காற்புள்ளியும்

ஜோசப் ரைட் எழுதிய எஸ்ஐயூனிடெக்ஸ் தொகுப்பின் எஸ் நிரல், புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும்படி எண்களை நிறுத்துகிறது. மக்கள்தொகைக்கு எட்டு இலக்கம், எழுத்தறிவுக்குப் புள்ளிக்கு முன் இரண்டு, பின் இரண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காற்புள்ளியே இல்லாமல் 72147030 என்று உள்ளிட்டால் போதும். வலமிருந்து முதல் தொகுதிக்கு மூன்று இலக்கம், மற்றவற்றுக்கு இரண்டு, பிரிக்கும் குறி காற்புள்ளி என்று முகப்பில் ஒரு முறை எழுதினால் 7,21,47,030 என்று அச்சாகிறது. கோடி, லட்சக் கணக்குக்கு இப்படியொரு வசதி 2021இல் வெளியான மூன்றாம் பதிப்பில் உண்டு. ஆய்வாளரின் துறைக் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு இருந்ததால் அங்கே பிழைச் செய்தி வந்தது. ஒரு பிற்பகல் அதைப் புதுப்பிப்பதில் கழிந்தது. எஸ் நிரலில் தலைப்பை வளைவடைப்புக்குள் போட மறந்தால் தொகுப்பு அதையும் எண்ணாக வாசிக்க முற்படும் என்பதையும், எண்கள் கணித எழுத்துருவில் வந்து உரையோடு ஒட்டாமல் நின்றால் உரை முறைக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அட்டவணைக்கு அடியில் மூலத்தையும் விளக்கத்தையும் தரும் குறிப்பு ஒன்று சேர்க்கச் சொன்னேன். எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கானது. ஆந்திரப் பிரதேசம் என்பது 2014இல் தெலங்கானா பிரிவதற்கு முந்தையது. இந்த இரண்டும் இல்லாமல் இன்றைய வாசகர் எண்களைத் தவறாகப் படிக்க இடமுண்டு. குறிப்பு எழுத ஆய்வாளர் மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் கேரளத்தின் கட்டத்தில் இருந்த 93.91, 2011 மார்ச் இறுதியில் வெளியான தற்காலிக முடிவின் எண் என்பது தெரிந்தது. மற்ற நான்கும் பிறகு வந்த இறுதி முடிவிலிருந்து எடுத்தவை. கேரளத்தின் இறுதி எண் 94.00. அவர் வெறும் 94 என்று உள்ளிட்டார். மற்ற நான்கு எண்களும் இரண்டு தசம இலக்கத்தோடு நிற்க, இங்கே மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது. சுழியங்களும் அளவீட்டின் பகுதிதான் என்பதால் அவற்றைச் சேர்த்தோம்.

எஞ்சியது வரிசைகளின் அடுக்கு. பழைய அட்டவணையில் அகரவரிசைப்படி ஆந்திரம் முதலாகப் புதுச்சேரி ஈறாக இருந்தது. அந்த இயலின் வாதம் எழுத்தறிவைப் பற்றியது என்பதால் எழுத்தறிவின் இறங்குமுகத்தில் அடுக்கச் சொன்னேன்.

அட்டவணை: தென்னிந்திய மாநிலங்களும் புதுச்சேரியும், 2011

| மாநிலம் | எழுத்தறிவு (சதவீதம்) | பாலின விகிதம் (1,000 ஆண்களுக்குப் பெண்கள்) | அடர்த்தி (சதுர கி.மீ.க்கு) | மக்கள்தொகை |
|:--|--:|--:|--:|--:|
| கேரளம் | 94.00 | 1,084 | 860 | 3,34,06,061 |
| புதுச்சேரி | 85.85 | 1,037 | 2,547 | 12,47,953 |
| தமிழ்நாடு | 80.09 | 996 | 555 | 7,21,47,030 |
| கர்நாடகம் | 75.36 | 973 | 319 | 6,10,95,297 |
| ஆந்திரப் பிரதேசம் | 67.02 | 993 | 308 | 8,45,80,777 |

இப்படி அடுக்கியதும் பாலின விகிதமும் ஏறத்தாழ அதே முறையில் இறங்குவது வெளிப்பட்டது. கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியுள்ளன. ஐந்து வரிசைகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் அகரவரிசையில் இருந்தவரை, ஆறு மாதமாக இந்த எண்களோடு வாழ்ந்த ஆய்வாளரின் கண்ணிலேயே இது படவில்லை.

சில்லறை வேலைகள் இரண்டு. அட்டவணைத் தலைப்பு மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது: லாடெக்கின் வழக்கமான ஆவண வகைகள் தலைப்பு கீழே வரும் என்று கருதி, தலைப்புக்கு மேலே 10 பாயிண்டும் கீழே சுழியமும் விடுகின்றன, மேலே தலைப்பு போடுபவர் இதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முதல் நிரலின் இடப்புறமும் கடைசி நிரலின் வலப்புறமும் இருந்த ஆறு பாயிண்ட் வெற்றிடத்தை நீக்கியதும், கோடுகளின் நுனியும் எழுத்துகளின் ஓரமும் ஒரே நேரில் வந்தன.

நெறியாளர் சொன்னதில் பாதி

இதே அளவுகளை மற்ற அட்டவணைகளுக்கும் விரித்தபோது ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. 2011இல் தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களையும் தரும் அட்டவணை அது. இரண்டு பக்கம் ஓடியது. அங்கே கோடுகளை எடுத்ததும் இடக்கோடியில் இருக்கும் மாவட்டப் பெயரிலிருந்து வலக்கோடி எண்ணுக்குப் போவதற்குள் கண் ஒரு வரிசை நழுவியது. கட்டம் வேண்டும் என்ற நெறியாளரின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வரிசை விட்டு வரிசை வண்ணம் பூசிப் பார்த்தோம். புக்டேப்ஸ் சேர்க்கும் வெற்றிடத்தில் வண்ணம் ஏறாமல் வெள்ளைப் பட்டைகள் விழுந்தன. கடைசியில் நான்கு மாவட்டங்களுக்கு ஒரு முறை சிறிய வெற்றிடம் விட்டோம். எட்டுக் கொத்துகளாகப் பிரிந்ததும் கண் நழுவுவது நின்றது. டேவிட் கார்லைலின் லாங்டேபிள் தொகுப்பு இரண்டாம் பக்கத்திலும் தலைப்பை மீண்டும் போட்டுக்கொடுத்தது. நிரல் அகலம் நிலைபெற ஆவணத்தை இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டியிருந்ததால், முதல் ஓட்டத்தில் கோணலாக வந்ததைப் பார்த்து ஆய்வாளர் பதறிப்போய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

இயல் நெறியாளரிடமிருந்து பத்து நாளில் திரும்பி வந்தது. கட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்து வரிசை அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எழுத்தறிவில் ஆந்திரத்துக்கு மேலே நிற்கும் கர்நாடகம் பாலின விகிதத்தில் மட்டும் ஏன் அதற்குக் கீழே போகிறது?